பெல்ட் ஃபேனைக் கழற்றும் முன்

கார் ஹீட் ஆகிறது என்று பட்டறையில் போய் நின்றால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார். இன்னொருவர் ரேடியேட்டரை இறக்கி ராடு போட வேண்டும் என்பார். மூன்றாமவர், "எலக்ட்ரிக் ஃபேன் போட்டுடுங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்பார். மூன்றாமவர் சொல்வது சில வண்டிகளுக்குத்தான் பொருந்தும். உங்கள் வண்டி அந்தச் சிலவற்றில் ஒன்றா என்பதைப் பைசா செலவில்லாமல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

வண்டி எந்த நேரத்தில் சூடாகிறது என்று கவனியுங்கள். சிக்னலிலும் ஊர்வல நெரிசலிலும் நிற்கும்போது முள் ஏறி, சாலை காலியாகி நாலு கிலோமீட்டர் ஓடியதும் இறங்கிவிட்டால், ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. அது ஃபேன் சம்பந்தப்பட்ட விஷயம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் ஏறினால் ஃபேனைத் தொடாதீர்கள். அந்த வேகத்தில் கிரில் வழியாக மோதி வரும் காற்றே ரேடியேட்டருக்கு ஏராளம். குற்றவாளி வேறெங்கோ இருக்கிறான்: உப்புப் படிந்து அடைத்த குழாய்கள், துருவில் கரைந்துபோன வாட்டர் பம்ப் இறக்கை, உள்ளிழுப்பில் தட்டையாகிவிடும் கீழ் ஹோஸ், தவறான இக்னிஷன் டைமிங், இல்லையென்றால் ஹெட் கேஸ்கட். இவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மின் ஃபேன் மாட்டுவது காசுக்குப் பிடித்த கேடு.

இந்த அத்தியாயம் முதல் வகைக்கானது. எடுத்துக்காட்டாக அம்பாசடரை வைத்துக்கொள்கிறேன், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள வண்டி. பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் அளவுகளைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும். அம்பாசடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. குளிர் நாட்டுக்கு வரைந்த அந்தக் கார் கொல்கத்தாவிலும் மதுரையிலும் 2014 வரை புது வண்டியாக விற்றது என்பதை நினைத்தால், அது தாங்கிய வரைக்கும் பெரிய விஷயம்தான்.

அதில் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறது. இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறதோ ஃபேனும் ஏறக்குறைய அவ்வளவு வேகத்தில்தான் சுற்றும். கோளாறு அங்கேயே தொடங்குகிறது. ஐடிலில் நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்று; காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் ஃபேன் சோம்பிக் கிடக்கிறது. நெடுஞ்சாலையில் மூவாயிரம் சுற்றுக்கு மேல். தேவையே இல்லாதபோது வெறிபிடித்து ஓடுகிறது. ஃபேனின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் காற்று இரண்டு மடங்கு, அது விழுங்கும் சக்தியோ எட்டு மடங்கு. மின் ஃபேன் இன்ஜின் வேகத்தைப் பார்ப்பதில்லை. வண்டி நின்றாலும் ஓடினாலும் முழு வேகம். தேவை தீர்ந்தால் ஓய்வு. மாற்றுவதற்கான நியாயம் இதுதான். மைலேஜ் கூடும் என்று ஆசை காட்டுவார்கள். கொஞ்சம் கூடலாம், அதை நம்பிக் காசு போடாதீர்கள்.

மின் கணக்கு

ஃபேன் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது உங்கள் வண்டியில் இருப்பது டைனமோவா ஆல்டர்னேட்டரா என்பது. பழைய அம்பாசடரில் வந்த டைனமோ தருவது இருபது ஆம்பியரைச் சுற்றித்தான், அதுவும் இன்ஜின் நன்றாக ஓடும்போது. ஐடிலில் அதன் சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மழை இரவு ஒன்றைக் கணக்குப் போடுங்கள். இரண்டு 60 வாட் ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர், இக்னிஷனுக்கு மூன்று நான்கு, வைப்பருக்கு அதே அளவு. பன்னிரண்டு அங்குல ஃபேன் ஒன்று எட்டிலிருந்து பன்னிரண்டு ஆம்பியர் வரை கேட்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. டைனமோவால் இது நடக்காது. நெரிசலில் ஃபேன் ஓடுகிற நேரமெல்லாம் பேட்டரிதான் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கும், நாலாவது நாள் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்பீர்கள்.

ஆகவே டைனமோ வண்டிக்கு முதல் செலவு ஆல்டர்னேட்டர். அதிலும் ஒரு எச்சரிக்கை: தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர் முழு வேகத்துக்கானது, ஐடிலில் பாதி கிடைத்தால் அதிகம். 45 ஆம்பியருக்குக் குறைந்ததை மாட்டிவிட்டு ஃபேன் வைக்காதீர்கள். மிகப் பழைய வண்டியாக இருந்தால் பேட்டரியின் எந்த முனை பாடியில் பூட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் ஒரு காலத்தில் பாசிட்டிவ் எர்த் வழக்கம். அப்படிப்பட்ட வண்டியில் கம்பியின் நிறத்தை நம்பி இணைத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும், ஆல்டர்னேட்டராக இருந்தால் அதன் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

எந்த ஃபேன், அதற்கு எந்தக் கூடு

ஆன்லைனில் விற்கும் வண்ண வண்ண ஃபேன்களின் அட்டையில் எழுதியிருக்கும் காற்றளவை நான் நம்புவதில்லை. சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய உதிரிபாகச் சந்தையில், உங்கள் இன்ஜினுக்குச் சமமான அல்லது பெரிய இன்ஜின் உள்ள, ஏசி வைத்த காரிலிருந்து கழற்றிய ஃபேனைத் தேடுங்கள். கார் கம்பெனி அந்த இன்ஜினின் சூட்டைக் கணக்குப் போட்டு வைத்த ஃபேன் அது. மாருதி 800 ஃபேன் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது 796 சிசி இன்ஜினுக்கானது. அம்பாசடருக்கு ஒற்றை 800 ஃபேன் மே மாதத்தில் திணறும். வாங்கும்போது இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. கடையிலேயே பேட்டரி வைத்து ஓட்டி, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். வீட்டு வயரிங் ஆட்கள் வைத்திருக்கும் கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி மட்டுமே அளப்பவை, அவற்றில் முள் அசையாது.

ஃபேனை அதன் பிளாஸ்டிக் கூடோடு சேர்த்து வாங்குங்கள். ஷ்ரவுட் என்று கேட்டால் கொடுப்பார்கள். இதற்காக ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். காரணம் எளிய கணக்கு. ரேடியேட்டரின் முகம் 40-க்கு 40 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 1600 சதுர சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் ஃபேனின் வட்டம் ஏறக்குறைய 700. கூடில்லாமல் நேரடியாக ஒட்டி மாட்டினால் பாதிக்கும் குறைவான இடத்தில்தான் காற்று இழுபடும், நான்கு மூலைகளும் சும்மா நிற்கும். கூடு இருந்தால் முழு முகத்திலிருந்தும் இழுக்கும். நான் பார்த்தவரை "மின் ஃபேன் போட்டும் ஹீட் ஆகிறது" என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இந்தக் கூடு இல்லாத கதைதான்.

கிடைத்த கூடு ரேடியேட்டருக்குப் பொருந்தாவிட்டால் டிங்கரிங் பட்டறையில் மெல்லிய அலுமினியத் தகட்டில் செய்துகொள்ளலாம். இறக்கை நுனிக்கும் வட்ட ஓட்டைக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். ஃபேன் ரேடியேட்டரை ஒட்டி இருக்கக் கூடாது, மூன்று நான்கு சென்டிமீட்டராவது விலகி இருந்தால்தான் மூலைகளிலிருந்து காற்று வந்து சேரும். கூட்டுக்கும் ரேடியேட்டர் சட்டத்துக்கும் இடையே ஓடும் சந்துகளைக் கதவுக்கு ஒட்டும் ரப்பர் பீடிங்கால் அடையுங்கள். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும், சந்து கிடைத்தால் ரேடியேட்டரை விட்டுவிட்டு அதன் வழியே போகும்.

ஃபேன் இன்ஜின் பக்கம் நின்று இழுப்பதே நல்லது. கிரில் பக்கம் நின்று தள்ளும் அமைப்பு இடம் இல்லாதவர்களுக்கானது. ஓடும்போது வரும் இயற்கைக் காற்றையும் அது மறைக்கும். அம்பாசடரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் பழைய ஃபேனைக் கழற்றியபின் வாட்டர் பம்ப் மூக்குக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அளந்து பாருங்கள். மோட்டாரின் முதுகுக்கும் பம்ப் புல்லிக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டராவது மிஞ்ச வேண்டும். சட்டென்று பிரேக் பிடிக்கும்போது இன்ஜின் தன் மவுண்டிங்கில் முன்னால் நகரும்.

கழற்றுதலும் மாட்டுதலும்

பேட்டரியின் எர்த் முனையை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறியபிறகு தண்ணீரை இறக்குங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பெல்ட் ஃபேனைக் கழற்றுவது பத்து நிமிட வேலை. நான்கு போல்ட். ஆனால் அந்த நான்கு போல்ட்டும் ஃபேனை மட்டும் பிடித்திருக்கவில்லை, புல்லியையும் சேர்த்துத்தான் பம்ப் ஹப்போடு பிடித்திருக்கின்றன. ஃபேனை எடுத்துவிட்டு அதே போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கினால், ஃபேனின் கனம் குறைந்த அளவுக்கு அவை நீளமாக நிற்கும். அடியில் போய் முட்டி, இறுகியது போலத் தோன்றும், புல்லி தளர்வாகவே இருக்கும். குட்டையான போல்ட் போடுங்கள், அல்லது ஃபேன் தகட்டின் கனத்துக்குச் சமமாக வாஷர் கொடுங்கள். பெல்ட் அப்படியே இருக்கட்டும். வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுவது அதுதான். ஃபேன் பெல்ட் என்ற பெயரை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

கூட்டை ரேடியேட்டரின் பக்கச் சட்டங்களில் போல்ட் போட்டுப் பிடியுங்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டேக் நுழைத்து ஃபேனைக் கட்டும் முறை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியும். ஒரு கோடைக்குள் அதிர்வில் டேக் குழாயை அறுத்து, ரேடியேட்டரை ஒட்டக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஃபேனுக்குச் சொல்வது யார்?

ஃபேனை எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்வது தெர்மோ ஸ்விட்ச். அதன் மேல் இரண்டு எண்கள் இருக்கும்: 92–87 என்றால் 92 டிகிரியில் ஃபேன் ஓடும், 87-க்கு இறங்கியதும் நிற்கும். இந்த எண்ணைத் தெர்மோஸ்டாட்டோடு பொருத்திப் பார்க்காமல் வாங்குவதால்தான் பாதித் தொல்லைகள். தெர்மோஸ்டாட் 82-ல் திறக்கத் தொடங்குவது என்றால் இன்ஜினிலிருந்து வெளிவரும் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. ஃபேன் நிற்கும் வெப்பநிலை 80 என்று இருந்தால் அது நிற்கவே நிற்காது. மேல் தொட்டியிலோ மேல் ஹோஸிலோ வைப்பதானால் 92–87 அல்லது 95–90 சரி. கீழ்த் தொட்டிக்கு வரும் தண்ணீர் ஏற்கெனவே ஐந்து முதல் பத்து டிகிரி ஆறியிருக்கும். அங்கே வைத்தால் அந்த அளவுக்குக் குறைந்த எண் உள்ள ஸ்விட்ச் வேண்டும்.

அம்பாசடரின் பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் ஆனது. ரேடியேட்டர் ஒட்டுபவரிடம் கொடுத்தால் தொட்டியில் மரையுள்ள பித்தளைக் கழுத்து ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவார். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஆன ரேடியேட்டரில் இது முடியாது. மேல் ஹோஸை நடுவில் வெட்டி, ஸ்விட்ச் மாட்டும் மரையுள்ள உலோகக் குழாய்த் துண்டு ஒன்றை நுழைத்து இரு பக்கமும் கிளாம்ப் போடலாம். அப்போது ஒன்றை மறக்காதீர்கள்: இருபுறமும் ரப்பர் என்பதால் அந்தத் துண்டுக்கு எர்த் கிடையாது. ஒற்றை முனை ஸ்விட்ச் என்றால் துண்டிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு கம்பி இழுத்தாக வேண்டும். மெல்லிய உணர்கம்பியை ஹோஸின் வாயில் சொருகிக் கிளாம்ப் போடும் வகையும் விற்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் கசியாமல் இருப்பதை நான் பார்த்ததில்லை.

இங்கே ரேடியேட்டர் மூடியையும் பேசிவிடலாம். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 7 பிஎஸ்ஐ மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் அதே தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் பிடிக்காமல் இருந்து, உங்கள் ஸ்விட்ச் 95-ல் ஓடுவது என்றால், மலை மேல் ஃபேன் கிளம்புவதற்கு முன்பே தண்ணீர் கொதித்திருக்கும். ஃபேனைத் திட்டுவீர்கள், தப்பு ஒரு சின்ன மூடியில் இருக்கும். புது ஃபேனோடு புது மூடியும் வாங்குங்கள். பழைய ரேடியேட்டருக்கு விதித்த அழுத்தத்தைத் தாண்டிய மூடி வேண்டாம், ஈயப் பற்றுகள் விட்டுப்போகும்.

கம்பி வேலை

மின் ஃபேன் வைத்த வண்டிகளில் பிறகு வரும் கோளாறுகள் ஃபேனில் வருவது குறைவு, கம்பியில் வருவதுதான் அதிகம். தெர்மோ ஸ்விட்ச் வழியாகவோ டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவோ ஃபேனுக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கும் குறுக்கு வழியை எந்த எலக்ட்ரீஷியன் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும் அல்லது உருகும். 30 ஆம்பியர் ரிலே கட்டாயம் வேண்டும்.

ரிலேயின் அடியில் நான்கு எண்கள் இருக்கும். 30-க்கு பேட்டரியிலிருந்து தனிக் கம்பி, அதில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். 87-லிருந்து ஃபேனின் பாசிட்டிவ் முனைக்கு. 86-க்கு இக்னிஷன் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பி. 85-லிருந்து தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த். ஸ்விட்ச் சூடானதும் எர்த் இணையும், ரிலே 'டக்' என்று பிடிக்கும், ஃபேன் ஓடும். ஃபேன் பத்து ஆம்பியர் என்றால் 20 ஆம்பியர் ஃபியூஸும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியும் போதும். கம்பியின் முனைகளை முறுக்கி டேப் சுற்றாமல் திம்பிள் போட்டு அழுத்துங்கள். இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை ஒரு மாதத்தில் இளகிவிடும். ஃபேனின் எர்த்தை ரேடியேட்டர் உடலில் கொடுக்காதீர்கள். தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்ந்து உள்ளே உலோகத்தை அரிக்கும். பெயின்ட் சுரண்டிய சேசிஸ் போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.

சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓட வேண்டுமா என்று கேட்பார்கள். புதுக் கார்கள் சிலவற்றில் அப்படி ஓடும். பழைய வண்டிக்கு வேண்டாம் என்பேன். இன்ஜின் நின்றால் வாட்டர் பம்ப்பும் நின்றுவிடும், ஃபேன் ரேடியேட்டரில் தேங்கிய தண்ணீரைத்தான் ஆற்றிக்கொண்டிருக்கும், இன்ஜினுக்குப் பெரிய பயன் இல்லை, பேட்டரிக்குத்தான் நஷ்டம். பானெட்டைத் திறந்து கை விட்டிருப்பவரின் விரலுக்கும் அது ஆபத்து.

ஒரு கை ஸ்விட்ச்சும் வையுங்கள். தெர்மோ ஸ்விட்ச்சுக்கு இணையாக, அதாவது 85-லிருந்து நேராக எர்த்துக்கு. தெர்மோ ஸ்விட்ச் செத்தாலும் வீடு வந்து சேரலாம். வரிசையில் வைத்துவிட்டால் அதை ஒருநாள் யாராவது அணைத்துவிடுவார்கள், இன்ஜின் வெந்துபோகும். 87-லிருந்து ஒரு சின்ன விளக்கை டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்தால் ஃபேனுக்கு மின்சாரம் போவது கண்ணுக்குத் தெரியும்.

ஏசி பொருத்திய வண்டியில் கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் ஃபேனும் ஓட வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சர் தன் சூட்டையும் சேர்த்து அனுப்புகிறது. இதற்கு இரண்டாவது ரிலே ஒன்று வைத்து, கம்ப்ரசர் கிளட்ச் கம்பியால் அதை இயக்குங்கள். இரண்டு கட்டளைக் கம்பிகளையும் சேர்த்து முறுக்கி ஒரே ரிலேயில் கொடுத்தால், பாசிட்டிவ் பக்கம் இயங்கும் அமைப்பில் தண்ணீர் சூடாகும்போது ஃபேனோடு கம்ப்ரசரும் கிளம்பிவிடும். இன்ஜின் ஏற்கெனவே தவிக்கிற நேரத்தில் அதன் தலையில் இன்னொரு சுமை.

ஓட்டிப் பார்த்தல்

கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து நிரப்புங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் இத்தனை வேலையும் இரண்டு வருடத்தில் உப்பில் போகும். மூடியைத் திறந்து வைத்தபடி இன்ஜினை ஓடவிட்டு உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். தெர்மோ ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் காற்றுக் குமிழ் தங்கினால் அதற்குச் சூடே தெரியாது.

பிறகு மூடியைப் போட்டு, கை ஸ்விட்ச்சில் ஃபேனை ஓட்டி, கிரில் பக்கம் ஒரு செய்தித்தாளைக் காட்டுங்கள். ரேடியேட்டரில் ஒட்டிக்கொண்டால் திசை சரி. பறந்தால் கம்பிகள் மாறியிருக்கின்றன. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூலைக்கு மூலை கொண்டுபோனால், எங்கே புகை உள்ளே போகாமல் தயங்குகிறதோ அங்கே கூட்டில் ஓட்டை இருக்கிறது. ஃபேன் ஓடும்போது அதன் முனைகளில் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கம்பியோ எர்த்தோ சரியில்லை.

உச்சி வெயிலில் வண்டியை நிழலில்லாத இடத்தில் ஐடிலில் நிறுத்துங்கள். ஃபேன் தானாக ஓட வேண்டும், ஓரிரு நிமிடத்தில் நிற்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். ஓடிக்கொண்டே இருந்து முள்ளும் இறங்காவிட்டால் காற்று போதவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. வெப்பமானித் துப்பாக்கி இருந்தால் ரேடியேட்டர் முகம் முழுவதும் காட்டிப் பாருங்கள். நடுவில் குளிர்ந்த பட்டைகள் தெரிந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. இதில் தேறினால் மலைக்குப் போங்கள். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் நல்ல தேர்வு, கொல்லிமலையின் எழுபது கடுமையான தேர்வு. முதல், இரண்டாம் கியரில் முழுப் பாரத்தோடு ஊர்வதைவிடக் கடினமான வேலை ஃபேனுக்கு வேறில்லை.

பெரிய டீசல் ஜீப்புகளிலும் எஸ்யூவிகளிலும் இருக்கும் விஸ்கஸ் கிளட்ச் ஃபேனை இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கழற்றாதீர்கள். சூட்டுக்கேற்ப இறுகவும் வழுக்கவும் தெரிந்த ஃபேன் அது. அது இழுக்கும் காற்றுக்கு ஈடாக மின் ஃபேன் வைக்க இரண்டு பெரிய மோட்டார்களும் பெரிய ஆல்டர்னேட்டரும் வேண்டியிருக்கும். கிளட்ச் போயிருந்தால் கிளட்ச்சை மாற்றுவதே மலிவு. கணினி கட்டுப்படுத்தும் ஃபேன் உள்ள புதுக் கார்களிலும் இந்த வேலை வேண்டாம். ஃபேன் ஓடவில்லையென்றால் ரிலே, மோட்டார், சென்சார் என்று பழுதைத் தேடிச் சரிசெய்யுங்கள்.

கழற்றிய பெல்ட் ஃபேனையும் அதன் நான்கு நீள போல்ட்டுகளையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு துணியில் சுற்றி, சரியான ஸ்பேனரோடு டிக்கியில் வையுங்கள். வழியில் மோட்டார் எரிந்துபோனால் கூட்டை அவிழ்த்துவிட்டுப் பெல்ட் ஃபேனைத் திரும்ப மாட்டி ஊர் வந்து சேர அரை மணி நேரம் போதும்.